கல்குளம் விரிந்த கதை

அமெரிக்கா மேற்கே விரிந்த பாடத்தை நடத்தும்போது என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிடும். அட்லாண்டிக் கரையோரம் பதின்மூன்று மாநிலங்களாகப் பிறந்த நாடு, 1803இல் நெப்போலியனுக்கு ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து லூசியானாவை வாங்கியது. நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1830இல் ஒரு சட்டம் போட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தினார்கள். 1848இல் மெக்சிகோவைத் தோற்கடித்து, கலிபோர்னியா வரைக்கும் எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்த ஒருநாள், கடைசி பெஞ்சில் இருந்த பையன் எழுந்தான்.

"டீச்சர், அமெரிக்காக்காரன் அடுத்தவனுக்க நிலத்தப் புடிச்சா அநியாயம்னு சொல்லுதிய. நம்ம மார்த்தாண்ட வர்மா ராஜா புடிச்சா மட்டும் வீரம்னு சொல்லுதிய. அது எப்பிடி?"

கேட்க வேண்டிய கேள்விதான். நாஞ்சில் நாட்டிலும் அதைச் சுற்றியும் வாழும் நமக்கு, ஒரு சின்ன நாடு எப்படிப் பெரிய நாடாகிறது என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம். தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும். பத்மநாபபுரம் கோட்டையும் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அந்தக் கதை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொடங்கியது.

1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது அவருடைய நாட்டின் பெயர் வேணாடு. அரண்மனை கல்குளத்தில். பத்மநாபபுரம் என்ற பெயர் பிறகுதான் வந்தது. நாடு கன்னியாகுமரிப் பக்கம் தொடங்கி, திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். அதிலும் அரசர் சொல் எடுபட்ட இடம் குறைவு. 1758இல் அவர் கண்ணை மூடும்போது அரசு கொச்சியின் வாசல் வரைக்கும் போயிருந்தது. கன்னியாகுமரியிலிருந்து கொச்சிக்குச் சாலை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். ஆற்றிங்கல், கொட்டாரக்கரை, கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று வழியில் இருந்த அரசுகள் எல்லாம் ஒரே தலைமுறைக்குள் காணாமல் போயின.

ஏன் அந்தப் பக்கம் மட்டும் போனார்கள்? வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கிழக்கே மலை. மலை முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான் அதிகம், போய் நிலைத்தவர்கள் குறைவு. மதுரை நாயக்கர் படை நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்து நெல்லை அள்ளிக்கொண்டு போன கதைகளை நம் ஊர் வில்லுப்பாட்டுக்காரர்கள் இன்றும் பாடுகிறார்கள். திருமலை நாயக்கர் காலத்தில் கணியாகுளத்தில் வெட்டுப்பட்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை கேட்டால் பெரியவர்களுக்கு இன்றைக்கும் கண் கலங்கும். கிழக்கே திரும்பினால் மதுரையும் ஆர்க்காடும் எதிரே நிற்கும். தெற்கே கடல். மேற்குக் கடற்கரையோரமாக வடக்கே ஏறினால் எதிரில் சின்னச் சின்ன அரசர்கள், அவர்கள் தோட்டங்களில் மிளகு.

மிளகைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களை மேற்கே தள்ளியது பருத்தி. நம் அரசரை வடக்கே இழுத்தது மிளகு. அன்றைக்கு ஐரோப்பாக் கப்பல்காரனுக்கு மிளகு கறுப்புத் தங்கம். அது விளைவது மலையடிவாரத்தில், கொல்லத்துக்கு வடக்கே அதிகம். அந்தச் சிறு அரசர்களோடு டச்சுக் கம்பெனிக்கு ஒப்பந்தங்கள் இருந்தன. தங்களைத் தவிர வேறு யாருக்கும் மிளகு விற்கக் கூடாது, விலையையும் தாங்களே சொல்வோம் என்பதுதான் அவற்றின் சாரம். வேணாட்டு அரசர் ஒவ்வொரு சிற்றரசைப் பிடித்தபோதும் கம்பெனியின் ஒப்பந்தம் ஒன்று கிழிந்தது. கம்பெனிக்கு ஆத்திரம் வந்தது மிளகுக்காக. அரசருக்குப் படை வைக்கப் பணம் வந்ததும் மிளகிலிருந்துதான். 1740களில் மிளகு வாங்கும் உரிமை முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. பண்டகசாலைகள் கட்டினார்கள், சுங்கச் சாவடிகள் போட்டார்கள். விளைவித்தவன் அரசு சொன்ன விலைக்கு அரசிடம் கொடுத்தான். கப்பல்காரன் அரசிடமிருந்து வாங்கினான். நடுவில் நின்ற லாபம் துப்பாக்கியாக மாறியது. அந்தத் துப்பாக்கி அடுத்த மிளகு நாட்டைப் பிடித்தது. வேகமாக விரிந்த ரகசியம் இந்தச் சுழற்சிதான் என்று நான் நினைக்கிறேன். வீரம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீரத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு சரக்கு வேண்டுமே.

வெளியே போகுமுன் அரசர் தன் வீட்டுக்குள் ஒரு கணக்கை முடித்தார். கோயில் சொத்தை நிர்வகித்த யோகக்காரர்கள், எட்டு வீட்டுப் பிள்ளைமார், நிலப்பிரபுக்களான மாடம்பிமார் என்று அன்றைக்கு அரசரை விடப் பலசாலிகள் பலர் இருந்தார்கள். முந்திய அரசர் ராம வர்மாவின் பிள்ளைகள் தம்பிமார் இருவரும் பட்டம் கேட்டு நின்றார்கள். மருமக்கள் வழியில் பட்டம் மருமகனுக்குத்தான். மகனுக்கு இல்லை. தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பக்கம் நின்று பாடும் தம்பிமார் கதை நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இருக்கிறது. ஜெயித்தவர் அரண்மனை கட்டினார்; தோற்றவர்களுக்கு ஊர் பாட்டுக் கட்டியது.

பிள்ளைமாரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள் என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் என்ன செய்தார்கள்? துறையேற்றினார்கள். கடற்கரைக்குக் கொண்டுவந்து மீனவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். நான் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரையில், முக்குவர் குடும்பத்தில் பிறந்தவள். பாடப்புத்தகங்களும் சரித்திர நூல்களும் இந்தத் துறையேற்றத்தைப் பிள்ளைமாருக்கு நேர்ந்த அவமானமாக மட்டும் எழுதிவிட்டுக் கடந்து போகின்றன. என் பாட்டி இருந்த குடிசையில் வாழ்வதும், என் பாட்டன் பிடித்த சாளையைத் தின்பதும் ஒரு அரசு யோசித்துக் கண்டுபிடித்த தண்டனையாக இருந்திருக்கிறது. தண்டிக்கப்பட்ட அந்தப் பெண்களுக்காகவும் மனம் வலிக்கிறது. அவர்களைக் கூட்டிவந்து இறக்கிய கரையில் நின்றவர்களுக்காகவும் வலிக்கிறது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த அரசுக்கு நாங்கள் ஆட்களாகவே தெரியவில்லை. ஆட்களை வீசிவிடும் ஒரு இடமாகத் தெரிந்தோம்.

ஆனால் அதே கரையில்தான் சில வருடங்களில் அந்த அரசின் தலைவிதி தீர்மானமானது.

1739இல் இலங்கையிலிருந்து டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் வந்து அரசரைப் பார்த்து மிரட்டினார். கொட்டாரக்கரையை விட்டு விலகு, இல்லாவிட்டால் படையெடுப்போம் என்றார். அப்படியானால் என் மீனவர்களின் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு நானும் ஐரோப்பாவுக்குப் படையெடுப்பேன் என்று அரசர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போது கிழவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். 1741இல் டச்சுக்காரர்கள் குளச்சலில் படையை இறக்கி, சுற்றுவட்டாரத்து ஊர்களைக் கொள்ளையடித்து, கல்குளத்தை நோக்கி நடந்தார்கள். வடக்கே சண்டையில் இருந்த அரசர் ஓடோடித் திரும்பி வந்தார். டச்சுக்காரர்கள் பின்வாங்கிக் குளச்சலில் தாங்கள் போட்ட அரணுக்குள் அடைந்தார்கள். முற்றுகை. 1741 ஆகஸ்டு 10 அன்று அவர்களின் தோல்வி முடிவானது.

என் பாட்டா சொன்ன கதையில் துப்பாக்கிச் சத்தமே வராது. "ஒலாந்தக்காரனுக்க கப்பலு கடலுல நிக்கி மக்களே. ராஜாவுக்க பக்கம் துவக்கு கொறவு. நம்ம ஆளுவ என்ன செஞ்சாவ? துடுப்பத் தோளுல சாச்சி வச்சி வரிவரியா நிண்ணாவ. பனந்தடிய வண்டியில ஏத்தி நிறுத்துனாவ. தூரத்துல நிக்கவனுக்கு அது பீரங்கி மாதிரித் தெரியும். பயந்துட்டான்." குளச்சல் கடற்கரை முழுக்க இந்தக் கதை இருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் தளவாய்களைப் பற்றி எழுதினார்கள். துடுப்புப் பிடித்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது. அதில் அரசரின் வெற்றி இருக்கிறது. துடுப்புக்காரர் ஒருவர் பெயர் கூடக் கிடையாது.

வெளியுலகமும் அந்த வெற்றிக்குக் கை கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1740இல் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக்காரர்கள் சீனர்களைக் கொன்று குவித்தார்கள். அதைத் தொடர்ந்து ஜாவா முழுக்கக் கலவரம் பற்றியது. கம்பெனியின் கிழக்குத் தலைமையிடமே எரியும்போது குளச்சலுக்கு யார் படை அனுப்புவார்கள்? அமெரிக்காவுக்கு லூசியானா கிடைத்ததும் இப்படித்தான். ஹைத்தியில் அடிமைகள் எழுந்து பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்ததால் நெப்போலியனுக்கு அந்தப் பக்கம் ஆசை விட்டுப்போனது. ஒரு நாடு பெருப்பதற்குப் பின்னால் வேறெங்கோ கண்காணாத ஊரில் சிந்திய இரத்தமும் இருக்கிறது.

தோற்றுப் பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேகியஸ் டி லனாய். அவரை அரசர் கொல்லவில்லை, படைக்கு வாத்தியாராக்கினார். டி லனாய் உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டி, உள்ளே பீரங்கி வார்க்கும் உலை வைத்து, நாயர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். ஊர்க்காரர்கள் அவரை வலிய கப்பித்தான் என்றார்கள். 1777இல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். அங்கே இருக்கும் கூரையில்லாத சின்னத் தேவாலயத்துக்குள் நின்று பார்த்தால், கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். தமிழ்நாட்டு வெயிலில் நின்று ஒரு டச்சுக் கம்பெனிக்காரரின் கல்லறையில் தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்த பிள்ளைகளுக்கு நான் அதற்கு மேல் பாடம் நடத்தத் தேவைப்பட்டதில்லை.

டி லனாய் கொடுத்த பயிற்சியும், ராமய்யன் தளவாயின் தலையும் சேர்ந்தபோது வடக்கே இருந்த அரசுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ராமய்யன் வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடிக்காரர், தமிழ்ப் பிராமணர். தென்பாண்டி மறவர்களும் கூலிக்கு வந்து அந்தப் படையில் சேர்ந்தார்கள். தச்சன்விளை அனந்தபத்மநாபன் நாடாரும் அவருடைய ஆட்களும் அரசருக்காகப் போரிட்டதை நாடார் குடும்பங்களில் பெருமையோடு சொல்வார்கள். 1746இல் காயங்குளம். அதன் பிறகு அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர். 1753இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள்: இனி மற்ற அரசர்களின் விஷயத்தில் தலையிட மாட்டோம், மிளகு மட்டும் பேசிய விலைக்கு வந்தால் போதும். பழைய நண்பர்களான சிற்றரசர்களைக் கைவிடக் கம்பெனிக்கு ஒரு கையெழுத்துதான் ஆனது.

படை போன வழியே கணக்குப்பிள்ளையும் போனார். இதைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் குளச்சல் போரைவிட முக்கியமாகப் படுகிறது. இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவே பள்ளியாடி என்று ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பள்ளியாடியைச் சேர்ந்த மல்லன் சங்கரன் என்பவர்தான் 1739 முதல் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதினார். தேவசம், பிரம்மசம், தானம், பண்டாரவகை என்று ஒவ்வொரு துண்டு நிலமும் யாருக்குச் சொந்தம், எவ்வளவு வரி என்று பதிவானது. மாடம்பிமாரிடமிருந்து பறித்தவை பண்டாரவகையில், அதாவது அரசு நிலத்தில், சேர்ந்தன. ராமய்யன் நாட்டை மண்டபத்து வாதுக்கல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரியக்காரர் போட்டு, வருடா வருடம் வரவு செலவை முன்கூட்டியே எழுதும் பதிவுக் கணக்கைக் கொண்டுவந்தார். பிடித்த நாடுகள் கைவிட்டுப் போகாமல் இருந்ததற்கு வாளைவிட இந்த ஓலைக்கட்டுகளே காரணம். அமெரிக்காவிலும் படைக்குப் பின்னால் நில அளவைக்காரன் சங்கிலியோடு போனான். பூர்வகுடியின் காடு சதுரம் சதுரமாக விற்பனைக்கு வந்தது.

அதற்கு முன்னால் நாஞ்சில் நாட்டார் இவ்வளவு அடங்கியவர்கள் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, அரசன் ஆட்கள் அநியாய வரி கேட்டால் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த காலம் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் அந்தக் காலத்து நிலமும் வரியும் வழக்கும் பதிந்து கிடக்கின்றன. நாட்டுக்கூட்டத்தின் அந்தக் குரல், அரசு பெருத்த பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. பெரிய அரசோடு பேரம் பேச ஒரு சின்ன நாட்டுக் கூட்டத்தால் முடியாது. நெல் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. வடக்கே மிளகும் தென்னையும் உள்ள நாடுகள் சேரச் சேர, அரசின் ஊட்டுப்புரைகளுக்கும் படைக்கும் சோறு போடும் வயல் நாஞ்சில் நாடு என்றானது. பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையின் நீளத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரே பந்தியில் ஆயிரம் பேர் சாப்பிடலாம் என்பார்கள் வழிகாட்டிகள். அந்தச் சோறு முழுக்க ஏதோ ஒரு வயலில் யாரோ ஒருவர் குனிந்து நட்டது.

1750 ஜனவரியில் அரசர் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலில் உடைவாளைச் சுவாமியின் முன் வைத்து, நாட்டையே அவருக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்பது இதுதான். அன்றிலிருந்து அரசர் பத்மநாபதாசர், நாடு சுவாமியின் சொத்து. பக்தி இல்லாமல் இதைச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு என்ன? அதுவரை காயங்குளத்து அரசனின் வாரிசு தன் நாட்டைத் திருப்பிக் கேட்டிருந்தால் அது உரிமை வழக்கு. அதன்பின் கேட்டால் தெய்வத்துக்கு எதிரான குற்றம். அமெரிக்காவில் 1845இல் ஜான் ஓ'சல்லிவன் என்ற பத்திரிகைக்காரர், இந்தக் கண்டம் முழுவதும் பரவுவது கடவுள் நமக்கு வகுத்த விதி என்று எழுதியபோது நடந்ததும் இதேதான். பிடித்ததைக் கடவுள் பெயரில் பதிவு செய்துவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. அதே நேரம், வேணாடு விரிந்து உருவான திருவிதாங்கூரின் அரசர்கள் ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் முறைஜபம் நடத்தினார்கள். போரில் சேர்ந்த பாவம் தீரவே மார்த்தாண்ட வர்மா இதை ஏற்படுத்தினார் என்பார்கள். அந்தப் பாவ உணர்ச்சியையாவது நான் மதிக்கிறேன்.

அந்த மனசாட்சிக்கு எட்டாத சாவுகளும் உண்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை ஊழியர். டி லனாயின் பழக்கத்தால் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போய், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவருடைய கல்லறை இருக்கிறது. 2022இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் கடற்கரை ஊர்களில் விடிய விடிய மணியடித்தது.

நாடு வடக்கே நீண்டதும் கல்குளம் ஒரு கோடியில் போய் நின்றது. கொச்சிப் பக்கத்து எல்லையைக் காக்க நெடுங்கோட்டை கட்ட வேண்டியதாயிற்று. 1789 டிசம்பரில் திப்பு மோதியது அந்தக் கோட்டையில்தான். அங்கே நடப்பது பத்மநாபபுரத்துக்குத் தெரியவே நாளாகும். 1795இல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். அந்த வருடமே ஆங்கிலக் கம்பெனியோடு ஒப்பந்தமும் ஆனது. 1805இல் கப்பம் எட்டு லட்சம் ரூபாய் என்று ஏறியது. டச்சுக்காரனை வென்ற நாடு அறுபது சொச்சம் வருடத்தில் ஆங்கிலேயனுக்குக் கட்டுப்பட்டது. பெருத்த எல்லையைக் காக்க வெளியே துணை தேடினார்கள். துணைக்கு வந்தவன் எஜமானாகிவிட்டான். கப்பம் கட்ட முடியாமல் திணறி, கடைசியில் 1809இல் எதிர்த்து நின்றவர் தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய். கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாகத்தான் உள்ளே வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் சரணடைந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார்.

இன்றைக்கும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், குமாரகோவில் வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து நிற்பார்கள். தலைநகரம் போன பிறகு தெய்வங்களும் வருடா வருடம் பின்னாலேயே போக வேண்டியதாகிவிட்டது. போன பிறகு இங்கே மிஞ்சியது வரி. தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி, வலைக்கு வரி. கூலி இல்லாத ஊழியம். தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அரசுக்கு இவர்கள் முகம் தெரியாது. ஓலையில் தொகை மட்டும் தெரியும். சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எழுந்து அந்த அரசை நேருக்கு நேர் பழித்ததும், அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்ததும் இந்தப் பின்னணியில்தான். நாடார் பெண்கள் தோளில் சேலை போடுவதற்கு நடந்த போராட்டம் 1859 ஜூலையில் ஒரு அரசாணையோடு அடங்கியது. அதில் அவர்கள் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை உடுத்திக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தத் தடை நீடித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் தண்டனைக்கு அளவுகோலாக இருந்த என் குலத்துப் பெண்கள், இப்போது மற்றவர்களுக்குக் கிடைக்கும் உரிமையின் உச்சவரம்பாக ஆனார்கள்.

நல்லதும் நடந்தது, அதையும் மறைக்கக் கூடாது. சிற்றரசர்கள் ஓயாமல் அடித்துக்கொண்ட காலம் முடிந்தது. நாஞ்சில் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் புத்தன் அணையை மார்த்தாண்ட வர்மா காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். 1906இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்ததும் அந்தத் திருவிதாங்கூர் அரசுதான். மாடம்பிமாரிடம் பறித்த நிலம் அரசின் கையில் இருந்ததால், 1865இல் மாதவ ராவ் திவானாக இருந்தபோது, அந்தப் பண்டாரப் பாட்டக் குடியானவர்களுக்கே நிலத்தை உரிமையாக்கிக் கொடுக்க முடிந்தது. அமெரிக்காவில் 1862இல் குடியேறிகளுக்கு நிலம் கொடுத்த சட்டத்தைப் பெருமையாகப் படிக்கிறோம். அங்கே அது பூர்வகுடியிடமிருந்து பறித்த நிலம். இங்கே உழுதுகொண்டிருந்தவன் காலடியிலேயே அவனுடைய நிலம் அவனுக்குக் கிடைத்தது. இது பெரிய வித்தியாசம்.

இன்னொரு விளைவு மொழியில் வந்தது. வேணாடு சின்னதாக இருந்தவரை தமிழ் அதன் நடுவில் இருந்தது. பெரியாறு வரை நீண்ட பிறகு, தமிழர்கள் தெற்குக் கோடியிலும் கிழக்கு மலைகளிலும் ஒதுங்கிய சிறுபான்மை ஆனார்கள். அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் மலையாளம். மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, இருநூறு வருடத்துக்கு முன்னால் இழுத்த எல்லையைத் திருத்து என்பதைத்தான். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் பிறந்த மண் திருவிதாங்கூரின் வாரிசு மாநிலத்தில் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழ்நாட்டு மண்ணில் நின்றபடி கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது.

தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அந்த மலைகளில் தேயிலை பறித்த தமிழர்களும் அதே போராட்டத்தில் நின்றவர்கள்தான். கண்ணன் தேவன் மலையை 1877இல் பூஞ்சார் அரசர் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். அந்தப் பூஞ்சாருக்கு மேலே அன்றைக்குத் திருவிதாங்கூர் இருந்தது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீருக்கு 1886 அக்டோபர் 29 அன்று 999 வருடக் குத்தகையில் கையெழுத்து வாங்கப்பட்டதும் திருவிதாங்கூர் மகாராஜாவிடமிருந்துதான். தேனி, மதுரைப் பக்கத்து விவசாயி இன்றைக்கும் அந்த அணையின் நீர்மட்டத்தைக் கேட்டுத்தான் நாற்றுப் பாவுகிறார். அந்தக் குத்தகைப் பத்திரத்தில் திருவிதாங்கூரின் பெயர் இருப்பதற்குக் காரணம், கல்குளத்திலிருந்து கிளம்பிய ராமய்யனின் படை 1750ஐ ஒட்டிய வருடங்களில் அந்த மலையடிவாரத்துச் சிற்றரசுகளை விழுங்கியதுதான்.